பதூதாவின் தடத்தில் ஒரு பட்டறை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் வளர்ந்தவர்களுக்கு வீடியோ கேம் என்பது வளைகுடாப் பொருள். டைகர் பாம், டாங் டப்பா, ஜப்பான் சேலை, டூ இன் ஒன் டேப் ரிக்கார்டர் என்ற வரிசையில் கடைசியாக அட்டைப்பெட்டிக்குள் இருந்து வெளியே வந்தது அது. எங்கள் வீட்டுக்கு வந்தது துபாய் நாசர் ஸ்கொயரில் வாங்கியது. கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று எழுதியிருக்கும். உண்மையில் உள்ளே ஏழெட்டு விளையாட்டுகள்தான் இருக்கும். அவையே வேறு வேறு பெயரில் ஆயிரம் முறை திரும்பி வரும். ஜப்பானில் உருவாகி, தைவானிலோ சீனாவிலோ போலியாக அச்சாகி, துபாயில் விலைபோய், தமிழ்நாட்டில் கறுப்பு வெள்ளை டிவியில் ஓடிய பொருள் அது. அதை விற்ற ஊரில் யாராவது விளையாட்டு செய்கிறார்களா என்ற கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. வளைகுடா என்றால் வாங்கும் இடம், அவ்வளவுதான்.

முப்பது வருடம் கழித்து ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டபோது இரண்டு பெயர்கள் கிடைத்தன. ஒன்று குவைத்தைச் சேர்ந்தது, மற்றது ரியாத்தைச் சேர்ந்தது. இந்தக் கட்டுரை ரியாத்தைப் பற்றியதுதான். ஆனாலும் குவைத் வழியாகப் போனால்தான் அது புரியும்.

முகம்மது அல்-ஷாரிக் குவைத்துக்காரர், பொருளாதாரம் படித்தவர், சிறுகதைகளும் எழுதியவர். 1982இல் அவர் தொடங்கிய முயற்சிக்குப் பெயர் ‘சக்ர்’. அரபியில் பாறை என்று பொருள். அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்டும் ஜப்பானின் ஆஸ்கி நிறுவனமும் சேர்ந்து எம்எஸ்எக்ஸ் என்ற வீட்டுக் கணினித் தரத்தை அறிவித்தன. யார் தயாரித்தாலும் ஒரே கேசட் எல்லாவற்றிலும் ஓட வேண்டும் என்பது அதன் நோக்கம். ஷாரிக் அந்த ஜப்பானியப் பெட்டிகளை எடுத்து அரபி பேச வைத்தார். விசைப்பலகையில் அரபி எழுத்து, பேசிக் மொழியில் அரபிக் கட்டளை, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கும் இலக்கணமும் சொல்லித்தரும் கேசட்டுகள், குரானின் முதல் கணினிப் பதிப்பு எல்லாம் அங்கே உருவானவை. கூடவே ஜப்பான் விளையாட்டுகளும் ஓடின. அரபு நாடுகளில் இன்று ஐம்பதை நெருங்கும் பலருக்கு முதல் கணினி அதுதான்.

இதை வெறும் மொழிபெயர்ப்பு வேலை என்று நினைத்துவிடக் கூடாது. அரபி எழுத்து வலமிருந்து இடம் போகும்; சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று, தனித்து நின்றால் இன்னொன்று. எட்டுக்கு எட்டு புள்ளிக் கட்டத்துக்குள் இதையெல்லாம் அடக்க வேண்டும். எகிப்தைச் சேர்ந்த நபில் அலி என்ற பொறியாளர் சக்ரில் இருந்தபடி அரபிச் சொல்லின் வேரைக் கணினிக்குப் பிரித்துக் காட்டும் வேலையைச் செய்தார். ஏறக்குறைய அதே காலத்தில், 1985இல், மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்குகிறார். கொம்பும் காலும் எழுத்தின் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று கணினிக்குப் புரிய வைக்க நம் ஆட்கள் பட்ட பாட்டைப் படித்தவர்களுக்கு சக்ரின் கதை அந்நியமாக இருக்காது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் மரபு காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இருந்ததே! எழுத்து இடம்பெயர்வது நமக்குப் பழைய சங்கதி.

1990 ஆகஸ்ட் 2ஆம் தேதி ஈராக் படை குவைத்துக்குள் நுழைந்தது. ஈராக்கிலும் ‘அல்-வர்க்கா’ என்ற பெயரில் அரபி எம்எஸ்எக்ஸ் கணினி விற்றுக்கொண்டிருந்தது என்பது இந்தக் கதையில் எனக்குத் தொண்டையில் நிற்கும் விஷயம். எல்லையின் இரு பக்கமும் ஒரே கேசட்டைப் போட்டு விளையாடிய பிள்ளைகள். அந்த வாரங்களில் குவைத்திலிருந்து ஜோர்டான் பாலைவனம் வழியாக அம்மானுக்கு வந்து ஏர் இந்தியாவில் ஏறிய தமிழர்கள் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சக்ரும் அப்படித்தான் புறப்பட்டது, கெய்ரோவுக்கு. அங்கே அது மொழி மென்பொருள் நிறுவனமாக நிலைத்தது. பெட்டியின் காலம் மெல்ல முடிந்தது. கடைசியாக வந்தவற்றில் ஒன்றில் எம்எஸ்எக்ஸும் செகா மெகா டிரைவும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. ஷாரிக் 2024 மார்ச்சில் காலமானார்.

இனி ரியாத்.

துபாயில் இருப்பவர்களுக்கு இப்னு பதூதா என்றால் முதலில் மால்தான் நினைவுக்கு வரும். 2005இல் திறந்தது. ஆந்தலூசியா, துனிசியா, எகிப்து, பாரசீகம், இந்தியா, சீனா என்று அவர் நடந்த நாடுகளின் பெயரில் ஆறு பகுதிகள். ஜெபல் அலி பக்கம் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு மெட்ரோ நிறுத்தம். நான் வந்த புதிதில் அது ஏதோ ஷேக்கின் பெயர் என்றே நினைத்திருந்தேன். 1304இல் தாஞ்சியரில் பிறந்து, 21 வயதில் மக்காவுக்கு என்று கிளம்பி, முப்பது ஆண்டுகளுக்குக் கொஞ்சம் குறைவாக உலகம் சுற்றியவர் என்று தெரிந்துகொண்டது பிறகுதான். அவர் மதுரைக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தது அதற்கும் பிறகு.

அந்தப் பெயரைத்தான் ரியாத்தில் இருந்த ‘செமஃபோர்’ என்ற சிறிய ஸ்டூடியோ தன் விளையாட்டுக்கு எடுத்தது. ‘அன்எர்த்டு: டிரெயில் ஆஃப் இப்னு பதூதா, எபிசோட் 1’. 2013 முதல் கைபேசி, கணினி, பிளேஸ்டேஷன் 3 என்று ஒவ்வொன்றாக வந்தது. இயக்கியவர் அஹ்மத் ஜதல்லாஹ். கதாநாயகன் ஃபாரிஸ் ஜவாத், புதையல் தேடுகிறவன். அவனுடைய தங்கை தானியா தொல்லியல் ஆய்வாளர். இருவரும் பதூதாவின் தடம் பிடித்து நாடு நாடாகப் போகிறார்கள். ஓட்டம், தாவல், கைச்சண்டை, துப்பாக்கிச் சூடு, கார் துரத்தல் எல்லாம் உண்டு.

அப்போதைய ரியாத்தை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். நகரத்தில் ஒரு சினிமா தியேட்டர் கிடையாது. பொதுத் திரையரங்கு மறுபடி திறந்தது 2018 ஏப்ரலில். அங்கிருந்த நம் ஆட்கள் ரஜினி படம் பார்க்க பஹ்ரைன் பாலத்தைத் தாண்டிப் போவார்கள். உள்ளூர் இளைஞர்களும் அதே பாலத்தைத்தான் தாண்டினார்கள். தியேட்டர் இல்லாத ஊரில் பிளேஸ்டேஷன்தான் திரை. வீட்டுக்கு வீடு இருந்தது. 2012இல் பெண்களுக்கென்றே ‘ஜிகான்’ என்ற கேம் மாநாடு ரியாத்தில் நடந்திருக்கிறது. ஆக, விளையாடுகிறவர்கள் ஏராளம், செய்கிறவர்கள்தான் விரல்விட்டு எண்ணும் அளவு. சினிமாப் பள்ளி இல்லை, அனிமேஷன் கற்றுத்தரும் மூத்தவர்கள் இல்லை, ஒரு விளையாட்டு செய்து முடித்து அடுத்ததற்குப் போகிற பழக்கமுள்ள ஆட்கள் இல்லை. இந்த நிலையில் நாலு பேர் உட்கார்ந்து, ஹாலிவுட் படம் மாதிரி ஒரு சாகசம் செய்வோம் என்று தீர்மானிப்பதை அசட்டுத்தனம் என்றும் சொல்லலாம், துணிச்சல் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவது சொல்லே பொருத்தமாகப் படுகிறது.

பெயரைப் பார்த்ததுமே விளையாடுகிறவர்களுக்கு எது முன்மாதிரி என்று தெரிந்துவிடும். கலிஃபோர்னியாவின் நாட்டி டாக் நிறுவனம் 2007இல் தொடங்கிய ‘அன்சார்ட்டட்’ வரிசை. அதன் இரண்டாம் பாகத்தில் (2009) நாயகன் நேதன் டிரேக் தேடுவது மார்க்கோ போலோ இழந்த கப்பல்களை. 2011இல் வந்த மூன்றாம் பாகத்தில் அவன் அரேபியப் பாலைவனத்துக்கே வந்துவிடுகிறான். குரான் பேசும் தூண்களின் நகரமான இரமைத் தேடி, மணலில் தாகத்தோடு அலைந்து, எதிர்ப்படுகிறவர்களைச் சுட்டுத்தள்ளுகிறான். அற்புதமாகச் செய்யப்பட்ட விளையாட்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பாலைவனத்தை வீட்டு ஜன்னலில் பார்த்து வளர்ந்த ஒரு ரியாத் பையனுக்கு, அதில் தன் ஊர் வெறும் பின்திரைதான். தன்னைப் போன்ற முகங்கள் பெரும்பாலும் குறிபார்க்கப்படும் பக்கத்தில் நிற்கின்றன. மார்க்கோ போலோவுக்கு எதிரே இப்னு பதூதா, டிரேக்குக்கு எதிரே ஃபாரிஸ் ஜவாத் என்று செமஃபோர் நிறுத்தியதை நான் அப்படித்தான் வாசிக்கிறேன். முன்பே டமாஸ்கஸில் 2001இல் ‘அண்டர் ஆஷ்’ என்ற பாலஸ்தீன விளையாட்டு உருவானபோதும் துப்பாக்கியின் பின்னால் நிற்பது யார் என்பதுதான் கேள்வியாக இருந்தது.

விளைவு? விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மெட்டாகிரிட்டிக் தளத்தில் பிளேஸ்டேஷன் 3 பதிப்புக்குக் கிடைத்தது அந்தத் தளத்தின் மிகக் குறைந்த மதிப்பெண்களில் ஒன்று. ஓடும் உருவம் தரையோடு ஒட்டாமல் வழுக்குகிறது, குறி வைத்த இடத்தில் குண்டு படுவதில்லை, கேமரா சுவருக்குள் போகிறது, வசனம் உதட்டோடு சேரவில்லை. யூடியூப்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஒரு சின்ன ஸ்டூடியோவின் வருடக்கணக்கான உழைப்பு மற்றவர்களின் பத்து நிமிடச் சிரிப்பாகிவிட்டது.

நானும் விளையாடிப் பார்த்தேன். விமர்சகர்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் என் குறை வேறு. தொழில்நுட்பத் தவறுகளைக் காலமும் பணமும் சரிசெய்யும். நாட்டி டாக் தன் விளையாட்டுகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் போட்டு, பல வருடம் உழைத்து, முந்தைய பாகத்தின் தவறுகளை அடுத்த பாகத்தில் திருத்தியது. யூனிட்டி போன்ற பொதுவான எஞ்சினை வைத்துக்கொண்டு, கைபேசியில் ஓட வேண்டும், பிளேஸ்டேஷனிலும் ஓட வேண்டும் என்று ஒரு சிறு குழு இறங்கினால் கால் வழுக்கத்தான் செய்யும். செமஃபோர் தோற்றது அதற்கு முன்பே, மேசையில் முதல் காகிதத்தை வைத்தபோதே என்று எனக்குத் தோன்றுகிறது. எதிராளியின் ஆடுகளத்தை அப்படியே எடுத்துக்கொண்டு நாயகனின் பெயரை மட்டும் மாற்றினார்கள். பதூதாவின் பெயர் தலைப்பில் இருக்கிறது. பதூதா இல்லை.

அந்த மனிதரின் ‘ரிஹ்லா’வைப் படித்தவர்களுக்கு இது வயிற்றெரிச்சலைக் கிளப்பும். டெல்லியில் முகம்மது பின் துக்ளக்கிடம் காஜியாக இருந்து, எப்போது தலை போகுமோ என்று பயந்துகொண்டே சம்பளம் வாங்கியவர் அவர். (வளைகுடாவில் சில முதலாளிகளிடம் இருந்தவர்களுக்கு அந்தப் பக்கங்கள் நன்றாகப் புரியும்.) சீனாவுக்குத் தூதராக அனுப்பப்பட்டு, கள்ளிக்கோட்டையில் புயலில் கப்பலும் பரிசுப் பொருளும் போய், வெறுங்கையோடு டெல்லி திரும்பப் பயந்து மாலத்தீவுக்குப் போகிறார். அங்கே காஜியாகி, கல்யாணங்கள் செய்து, அரசியலில் மாட்டி, வெளியேறுகிறார். 1344 வாக்கில் இலங்கையில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்திக்கிறார். அவர் பாரசீகம் அறிந்திருந்ததையும், கரையில் குவிந்துகிடந்த பட்டையையும், முத்துகளையும் பதிவுசெய்கிறார். பாவாத மலை ஏறுகிறார். அங்கிருந்து கிளம்பிய கப்பல் சோழமண்டலக் கரையில் உடைகிறது. கரைக்கு வந்தால் மதுரை சுல்தான் கியாசுதீன் தாம்கானி. பார்த்தால் உறவுக்காரர். இருவருக்கும் ஒரே மாமனார்! இருவரும் சேர்ந்து மாலத்தீவு மேல் படையெடுக்கத் திட்டம் போடுகிறார்கள். அதற்குள் அந்தச் சுல்தான் கைதிகளையும் அவர்களுடைய பெண்டு பிள்ளைகளையும் கொல்லும் விதத்தைப் பார்த்துப் பதூதா அதிர்ந்துபோகிறார். வேறெந்த அரசனிடமும் இப்படிக் கண்டதில்லை என்ற பொருளில் எழுதிவைத்திருக்கிறார். கடன், கல்யாணம், காய்ச்சல், கப்பல் உடைவு, துரோகம், வெட்கம் எல்லாம் ஒரே பயணத்தில். இதில் எந்த இடத்தில் கார் துரத்தல் தேவைப்படுகிறது?

ஸ்டீம் கடைக்குப் பின்னர் ஒரு ‘கோல்டு’ பதிப்பு போனது. அதுவும் முதல் எபிசோட்தான்.

அதற்குப் பிறகு வளைகுடாவில் நடந்தது வேறு அளவு. அபுதாபியில் அரசு உருவாக்கிய டூஃபோர்54 ஊடக வளாகத்தில் பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட் 2011இல் ஸ்டூடியோ தொடங்க வந்தது. சிஎஸ்ஐ துப்பறியும் விளையாட்டைக் கைபேசிக்குச் செய்தது. ‘க்ரோடோபியா’வை அதன் இரண்டு சிறிய படைப்பாளிகளிடமிருந்து 2017இல் யூபிசாஃப்ட் வாங்கியபின் அதை நடத்தும் பொறுப்பும் அபுதாபிக்கு வந்தது. சவூதியில் பொது முதலீட்டு நிதியின் சாவி கேம்ஸ் குழுமம் 2023இல் ஸ்கோப்லி நிறுவனத்தை 490 கோடி டாலருக்கு வாங்கியது. 2025 செப்டம்பரில் அதே நிதியும் இரண்டு அமெரிக்க முதலீட்டு நிறுவனங்களும் சேர்ந்து எலக்ட்ரானிக் ஆர்ட்ஸை 5,500 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அறிவிப்பு வந்தது. தியேட்டர் இல்லாத நகரம் உலகக் கோப்பை மின் விளையாட்டுப் போட்டி நடத்துகிறது. நாசர் ஸ்கொயரில் கேசட் வாங்கியதுபோல இப்போது ஸ்டூடியோக்களையே வாங்குகிறார்கள் என்று நண்பர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, அவர் மகன் ரியாத்தில் அந்தத் துறையில் வேலை தேடிக்கொண்டிருந்தான். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. பணம் வந்தால் ஆட்கள் வருவார்கள், ஆட்கள் வந்தால் தொழில் படியும். செமஃபோருக்கு இல்லாமல்போனது அதுதானே.

முழுக்க அதுதானா என்று எனக்குச் சந்தேகம் வருவதற்குக் காரணம், டொராண்டோவில் இருக்கும் இன்னொரு சின்ன ஸ்டூடியோ. பெயர் விசை கேம்ஸ். சென்னையில் பிறந்து சிறு வயதில் கனடா போன அபி என்ற தமிழர் நடத்துவது. ஓவியத்தைக் கவனித்தவர் சாம் எல்கானா. 2023 ஜூலை 31இல் அவர்கள் வெளியிட்ட விளையாட்டின் பெயர் ‘வெண்பா’. 1988இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, கணவர் பாவலன், மகன் கவின். சுடுவது கிடையாது. சமையல்தான். அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. விட்டுப்போன வரியை நாம் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி மாற்றி அடுக்கினால் ஆவி மேலே போகும், புட்டுக்குழலில் எது முதலில் போகும், இவைதான் புதிர்கள். மகனுக்குப் புரியாத தமிழ் திரையில் மங்கலாகத் தெரியும். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். 2024இல் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசும், பாஃப்டாவின் முதல் படைப்புக்கான விருதும் அதற்குக் கிடைத்தன.

இங்கே அதை என் மகனோடு விளையாடினேன். அமீரகத்தில் தனியார் பள்ளியிலும் அரபி கட்டாயம்; அவன் அரபி எழுத்தைக் கூட்டாமல் படிப்பான். தமிழில் ‘ழ’வுக்கும் ‘ள’வுக்கும் இன்னும் தடுமாற்றம். கவினுக்கு வார்த்தைகள் மங்கலான இடத்தில் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது. சக்ரில் ஷாரிக்கும் நபில் அலியும் எதற்காக அவ்வளவு பாடுபட்டார்கள் என்பது கட்டுரைகளில் படித்தபோது புரிந்ததைவிட அந்த நிமிடத்தில் நன்றாகப் புரிந்தது.

கனடாவிலாவது கவினுக்குக் குடியுரிமை இருக்கிறது. இங்கே வேலை போனால் விசா போய்விடும், பிள்ளையின் பள்ளி மாறும், நண்பர்கள் மாறுவார்கள். வளைகுடாத் தமிழனின் கதையில் புதிருக்கா பஞ்சம்? முப்பது கிலோ பெட்டியில் எதை வைப்பது, எதை எடுப்பது என்பதே ஒரு முழு விளையாட்டு. அதை யாரும் இன்னும் செய்யவில்லை. செய்கிறவர் அபுதாபி ஸ்டூடியோவில் பணியாற்றும் தமிழ்ப் பெண்ணாக இருக்கலாம், கரூரில் இருந்து வேலை செய்கிறவராகவும் இருக்கலாம்.

பதூதாவை யாராவது மறுபடி எடுப்பதென்றால் எனக்கு ஒரே ஒரு விண்ணப்பம் உண்டு. மதுரையில் அப்போது கொள்ளைநோய். காய்ச்சல் கண்டவர்கள் இரண்டு மூன்று நாளில் செத்துக்கொண்டிருக்கிறார்கள். பதூதாவுக்கும் காய்ச்சல் வருகிறது, இதோடு முடிந்தது என்றே நினைக்கிறார். அப்போது அவருக்குப் புளி ஞாபகம் வருகிறது. அரபியில் அதற்குப் பெயர் தமர் ஹிந்தி, இந்தியப் பேரீச்சம்பழம். அங்கே அது ஏராளமாகக் கிடைக்கும் என்றும் எழுதுகிறார். ஒரு ராத்தல் அளவு எடுத்துத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிறார். மூன்று நாள் வயிறு போகிறது. காய்ச்சல் விடுகிறது. மதுரையே வேண்டாம் என்று சுல்தானிடம் விடை கேட்கிறார்.

எவ்வளவு தண்ணீர், எத்தனை நேரம் ஊற வேண்டும் என்று அவர் எழுதவில்லை.